ரிக்கு நின்ன நாள்

ஏனுங், அந்தப் பாஷையையா கேக்கறீங்க? அது ஹெரேரோங்க. ஆப்பிரிக்காவுல நமீபியான்னு ஒரு நாடு இருக்குது, அங்க மாடு வளக்கற சனம். இப்ப ஃபோன்ல பேசுனது சிராசோன்னு ஒருத்தன், என்ற கூட போர் போடற ரிக்கு வண்டியில வேலை பாத்தவன். எப்பவாச்சும் கூப்புடுவான். ‘பெரிவி’ம்பான், எப்படி இருக்கறேன்னு அர்த்தம். நான் ‘நவா’ம்பேன், நல்லாருக்கறேன்னு அர்த்தம். அங்க மழை பேஞ்சுதாம்பேன், அவன் இங்க பேஞ்சுதாம்பான். அவ்வளவுதாங்க, வெச்சுருவோம்.

பாஷை பெருசா ஒண்ணும் தெரியாதுங்க எனக்கு. தண்ணி, பாலு, மாடு, நில்லு, போதும். இதை வெச்சே காலத்தை ஓட்டிட்டேன். மாட்டு நெறத்துக்கு மட்டும் அவங்ககிட்ட அத்தனை பேரு இருக்குது. நாம மயிலை, செவலை, காரின்னு நாலஞ்சு சொல்லுவோம். அவங்க வயித்துல ஒரு புள்ளி இருந்தா ஒரு பேரு, அதே புள்ளி முதுகுல இருந்தா வேற பேருன்னு சொல்லிக்கிட்டே போவாங்க. ஆனா அந்தப் பாஷையில ‘ல’ கெடையாது பாத்துக்கங்க. என்ற பேரு நல்லசிவம், அங்க நர்ரசிவம். எங்கய்யன் பேரு காளியண்ணன், அவரு காரியண்ணன் ஆயிட்டாரு. போகட்டும், ஆரு கேக்கப்போறாங்க.

நீங்க எங்க எறங்கோணும்? பள்ளிபாளையமா? அப்பச் சரி, பஸ்ஸு போய்ச் சேர நேரமிருக்குது. ஜன்னலை வேணும்னா சாத்தி உடுங்க, புழுதி வருது.

நல்ல சனந்தாங்க. கெட்டவங்கன்னு நான் ஒருக்காலும் சொல்லமாட்டேன். ஆனா என்ற சோலியைக் கெடுத்துப்போட்டாங்க. கடேசில பழியையும் என்ற தலையிலயே கட்டுனாங்க. அதுதான் எனக்கு இன்னிக்கும் செரிக்கல. இங்க சொன்னா எவனுக்கும் புரியறதில்ல. ரிக்கு ஓட்டறவங்கிட்டச் சொன்னா, காத்தை ஏன்டா நிறுத்த உட்டேங்கறான். மத்தவங்ககிட்டச் சொன்னா, அங்க சிங்கம் இருக்குமாங்கறாங்க.

திருச்செங்கோட்டுக்காரன் ரிக்கு போகாத ஊரு உண்டுங்களா? நானும் எங்கெங்கயோ போயிட்டு, கடேசில அங்க போய்ச் சேந்தேன். அந்த வருசம் அங்க மழையே இல்ல. மேய்ச்சல் காடு பூரா மணலு. கவெட்டோன்னு ஒருத்தரு, அம்பது அம்பத்தஞ்சு வயசிருக்கும், அவரு பட்டியில போர் போட எங்க வண்டி போச்சு. அவருக்கு ஒரு அக்கா, பேரு ரிபுரே. மாடெல்லாம் பாதி அந்தம்மாளுதுன்னு சொன்னாங்க. பழைய போர் வத்திப்போயி, டேங்கர்ல எங்கிருந்தோ தண்ணி கொண்டாந்து மாட்டுக்கு அளந்து ஊத்திக்கிட்டிருந்தாங்க. நாங்க போனப்ப மாடு நிக்கறதே சாஸ்தி. படுத்தா எந்திரிக்கறதில்ல. நாலு பேரு வாலைப் புடிச்சுத் தூக்கி நிறுத்துவாங்க. அந்தம்மா எங்க வண்டியைப் பாத்ததும் ஓடியாந்து பம்பரைத் தொட்டுப் பாத்துச்சு. அவ்வளவு எதிர்பார்ப்புங்க. அந்த ஒரு போரை நம்பித்தான் மொத்தப் பட்டியும் இருந்துச்சு.

அங்க ஒரு பழக்கம் கேளுங்க. வீட்டுக்கும் கன்னுக்குட்டிப் பட்டிக்கும் நடுவால ஒரு நெருப்பு இருக்கும். சாம்பலும் ரெண்டு கட்டையுந்தான், பாத்தா ஒண்ணுமில்ல. அவங்க செத்துப்போன பாட்டம் பூட்டன் எல்லாம் அங்கதான் இருக்கறாங்களாம். பால் கறந்தாலும் கவெட்டோ அங்க கொண்டுபோயி ஒரு வாய் குடிச்சுப்பாத்து, அப்பறந்தான் மத்தவங்க குடிக்கோணும். வெளியாளு வந்தா அங்க உக்கார வெச்சு, இன்னான், இன்னார் மகன்னு செத்தவங்ககிட்டச் சொல்லோணும். என்னையும் உக்கார வெச்சாங்க. உங்கப்பன் பேரென்னன்னாரு, சிராசோ அரைகொறை இங்கிலீசுல மாத்திச் சொன்னான். காளியண்ணன்னு சொன்னேன். உசுரோட இருக்கறாரான்னாரு. இருக்கறாருன்னேன். வாய்ல தண்ணியை வெச்சு என்ற மேல ஃபூன்னு ஊதிப்போட்டாருங்க! தண்ணியே இல்லாத ஊர்ல அதுக்கு மட்டும் தண்ணி இருந்துச்சு.

அந்த நெருப்புக்கும் பட்டிக்கும் நடுவால ஆரும் நடக்கக்கூடாது. அதைச் சொல்லோணும் உங்ககிட்ட. துளை போடற ராடு, குழியில எறக்கற கேசிங் பைப்பு எல்லாம் வண்டியிலிருந்து எறக்கி அந்தப் பக்கம் கொண்டுபோகோணும். நேரா போனா ரெண்டு எட்டு. நடக்கக்கூடாதுன்னு ஊரையே சுத்திக்கிட்டுப் போனோம். தோள்ல இரும்பை வெச்சுக்கிட்டு அந்த வெய்யில்ல சுத்திப் பாருங்க தெரியும். வந்த எடத்துல நமக்கென்ன, வேலை முடிஞ்சாச் சரின்னு இருந்தேன்.

வேலை லேசுப்பட்ட வேலை இல்லீங்க. மேல மணலு, அதுக்குக் கீழ சுண்ணாம்புக் கல்லு, அதுக்கும் கீழ மறுக்கா மணலு. அந்த அடி மணல்தான் ஆளைக் கொல்லும். கம்ப்ரசர் காத்து அடிச்சுக்கிட்டே இருக்கோணும், அப்பத்தான் வெட்டுன மண்ணு மேல வரும். நடுவால காத்து நின்னுச்சுன்னா, மேல வந்துக்கிட்டிருக்கற மண்ணு அப்படியே எறங்கி, ராடு நுனியில கல்லை உடைக்கற ஹேமரைக் கவ்விக்கும். கவ்வுனா உடாது. பொழுதோட நிறுத்தறப்பக்கூட ராடையெல்லாம் மேல தூக்கிட்டுத்தான் நிறுத்துவோம். இதை நான் சிராசோவுக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கறேன். அவனுக்குத் தெரியாம இல்ல.

சுண்ணாம்புக் கல்லைத் தாண்டுன அன்னைக்குத்தான் தம்பி கூப்புட்டான். என்ற தம்பி, துரைசாமி. அங்க ஃபோன் ரிக்கு மேல ஏறுனாத்தான் எடுக்கும். நான் ஏறி நிக்கறேன், கீழ கம்ப்ரசர் ஓடிக்கிட்டிருக்குது. அவன் என்னமோ சொல்றான், கேக்கல. சத்தமாச் சொல்லுடான்னேன். மறுக்காச் சொன்னான், கேக்கல. இன்னும் சத்தமான்னேன். “அய்யன் செத்துட்டாருண்ணா!”ன்னு கத்துனான். சரின்னேன்.

அப்பறம் அவனே சொன்னான், “நீ கெளம்பி வந்தாலும் மூஞ்சி பாக்க முடியாதுண்ணா. இத்தனை நேரம் வெச்சிருக்க முடியாது. நானே கொள்ளி வெச்சர்றேன்.” மூத்தவன் நான். நாந்தான் வெக்கோணும். ஆனா அவன் சொல்றதுலயும் ஞாயம் இருக்குதில்லீங்களா? பாத்துக்கடான்னு சொல்லிட்டு எறங்கினேன். எறங்கி, அடுத்த ராடை மாட்டுனேன். அதுக்கென்ன பண்றது? ஹேமர் உள்ள ஓடிக்கிட்டிருக்குது.

ஆருகிட்டயும் சொல்லல. எதுக்குச் சொல்றது? அந்தாளுக மாடு சாகுதேன்னு உக்காந்திருக்கறாங்க. இதுல எங்கூட்டு எழவை வேற அவங்க தலையில எறக்கறதா? அந்த நெனப்புலதாங்க சொல்லல. இதை நீங்க நல்லா மனசுல வெச்சுக்கோணும். அவங்களுக்காகத்தான் சொல்லல.

அன்னைக்குப் பொழுதுக்கும் ஓட்டுனேன். அடுத்த நாளும் ஓட்டுனேன். அழுகை வந்துச்சான்னா கேக்கறீங்க? வரலீங்க. பசிச்சுது, தூங்குனேன், எந்திரிச்சேன். அய்யனை நெனைக்கலாம்னு நெனைச்சா ராடு எண்ணிக்கைதான் ஞாபகத்துக்கு வந்துச்சு.

அதுக்கு மறுநாள் மத்தியானம் தூசி நின்னு சேறு வர ஆரம்பிச்சுச்சு. ஈரம் தட்டிருச்சுங்க! ரிபுரேயம்மா அந்தச் சேத்தை அள்ளி மூக்குல வெச்சு மோந்து பாத்து, ‘ஒமேவா, ஒமேவா’ன்னு கத்துச்சு. தண்ணி, தண்ணின்னு அர்த்தம். இன்னுங் கொஞ்சம் போனாப் போதும். பொழுதுக்குள்ள கேசிங் எறக்கிறலாம்.

அப்பத்தான் எனக்கு என்ன தோணுச்சோ தெரியல. எழவு வந்தா தலைக்கு ஊத்திக்கோணுமில்லீங்களா? அதைக்கூட நான் செய்யலியேன்னு இருந்துச்சு. ரிக்கை சிராசோகிட்ட உட்டுட்டு, ட்ரம்முல ஒரு சொம்பு மோந்து தலையில ஊத்திக்கிட்டேன். ஒரே சொம்பு. அதை அவன் பாத்துட்டான். குடிக்கத் தண்ணி இல்லாத ஊர்ல தலையில ஊத்தறயேன்னு ஓடியாந்தான். கோவமா வந்தான். நான் சும்மா, வாய்ல வந்ததைச் சொன்னேன், “ஒண்ணுமில்லப்பா, முந்தாநேத்து எங்கய்யன் செத்துட்டாரு, அதான்.”

அவன் என்னையப் பாத்தான். நேரா போனான், கம்ப்ரசரை ஆஃப் பண்ணிப்போட்டான்.

சத்தம் நின்னதும் காது அடைச்ச மாதிரி ஆயிருச்சுங்க. டேய், டேய், ராடு உள்ள இருக்குதுடான்னு கத்தறேன். அவன் அதைக் காதுலயே வாங்கல, கவெட்டோகிட்ட ஓடறான். அவரு வந்தாரு. கையைப் புடிச்சாரு. “உங்கப்பன் செத்துட்டாரா?”ன்னாரு. ஆமான்னேன். “எப்ப?” சொன்னேன். “செத்தப்பறமும் எங்க மண்ணைத் தோண்டிக்கிட்டா இருந்தே?” ஆமாங்க, ஈரம் தட்டிருச்சு, கொஞ்ச நேரம் குடுங்க, ராடை மட்டுமாச்சும் மேல எடுத்தர்றேன்னேன். சிராசோ அதைச் சொன்னானோ என்னமோ. அவரு என்னைய அந்த நெருப்புகிட்டக் கூட்டிட்டுப் போயி உக்கார வெச்சுட்டாரு.

என்னங்க கேக்கறீங்க? நானே போயி ஸ்டார்ட் பண்ணியிருக்கலாமா? பண்ணியிருக்கலாம். சாவி வண்டியிலதான் இருந்துச்சு. ஆரும் என்னையக் கட்டிப்போடல. ஆனா உக்கார வெச்சுட்டாங்கல்ல. உக்காந்தேன்.

அப்பறம் பொம்பளைங்க வந்தாங்க. அங்க பொம்பளைங்க உடுத்தறதைப் பாக்கோணும் நீங்க, தரையைக் கூட்டற அளவுக்குப் பாவாடை, தலையில மாட்டுக் கொம்பாட்ட ரெண்டு பக்கமும் நீட்டிக்கிட்டு ஒரு துணிக்கட்டு. அந்த வெய்யில்ல அதையெல்லாம் எடுத்துக் கட்டிக்கிட்டு, பக்கத்துப் பட்டியிலிருந்தெல்லாம் நடந்தே வந்தாங்க. ஆரு சொல்லிவிட்டாங்களோ. தூரத்துல வாரப்பவே அழுதுக்கிட்டு வந்தாங்க. முன்னால வந்தது ரிபுரேயம்மா. கொஞ்ச நேரத்துக்கு முன்னாலதான் சேத்தை மோந்து பாத்துச் சிரிச்ச பொம்பளை. என்ற தோள்ல சாஞ்சு ‘டாட்டே, டாட்டே’ன்னு அழுவுது. அந்தப் பாஷையில எங்கப்பன்னா ஒரு வார்த்தை, உங்கப்பன்னா வேற, அவங்கப்பன்னா வேற. இது எங்கப்பங்கற வார்த்தை. நடுநடுவால காரியண்ணன், காரியண்ணன்னு பேரு வேற. எங்கய்யனை அந்தம்மா போட்டோவுலகூடப் பாத்ததில்லீங்க.

நான் உக்காந்திருந்தேன். கண்ணுல ஒரு பொட்டுத் தண்ணி இல்ல. எதுக்கால ரிக்கு நிக்குது, ராடு உள்ள இருக்குது, மண்ணு எறங்கிக்கிட்டிருக்கும்னு கணக்குப் போட்டுக்கிட்டிருந்தேன். ஒரு பொம்பளை என்ற மூஞ்சியைத் தூக்கிப் பாத்துட்டு, இன்னும் சத்தமா அழுதுச்சு.

ஒரு எருது வெட்டுனாங்க. அதைச் சொன்னா நம்பமாட்டீங்க. எலும்புந் தோலுமா இருந்தாலும், கெடந்ததுல அதுதான் கொஞ்சம் தேறுனது. எங்கய்யனுக்காம். எனக்கோ மாட்டுக்கறி ஆகாது, அதுலயும் எழவு வீட்டுக்காரன் கறியே தொடக்கூடாது. வேண்டாம்னேன். அவங்களும் வற்புறுத்தல. நான் சாப்புடாததைப் பாத்து, முறையாத்தான் துக்கம் காக்கறான்னு நெனைச்சாங்களாட்ட.

கவெட்டோகிட்ட நான் கேட்டேனுங்க. சிராசோவை வெச்சுக் கேட்டேன். மாடு சாகுது, தண்ணி கைக்கெட்டுன தூரத்துல நிக்குது, எனக்கு எவன் உங்களை அழச் சொன்னதுன்னு கேட்டேன். அவரு சொன்னாரு, “இந்த மணலுக்குள்ள எங்க சனம் தண்ணி இல்லாம செத்துச்சு. ஜெர்மன்காரன் சுட்டுத் தொரத்தி உட்டான். தண்ணி இருக்கற எடத்துலயெல்லாம் துப்பாக்கியோட உக்காந்துக்கிட்டான். எங்க பாட்டனோட அப்பன், சித்தப்பன் எல்லாரும் இங்கதான் எங்கயோ கெடக்கறாங்க. அவங்களுக்கு ஒருத்தரும் அழல, அழ வேண்டியவங்களும் பக்கத்துலயே செத்துக் கெடந்தாங்க. அதுக்கப்பறம் எங்க கண்ணுக்குத் தெரிஞ்சு ஒரு சாவை நாங்க அழாம உடறதில்ல.” ஏனுங்க, அது நூறு வருசத்துக்கு முன்னால நடந்த சண்டை. பாவந்தான். நான் இல்லீங்கல. ஆனா அதுக்கும் எங்கய்யனுக்கும் என்னங்க சம்பந்தம்? எங்கய்யன் ஈரோட்டுல ஆஸ்பத்திரியில கட்டல்ல படுத்துச் செத்தாரு. குளுகோஸ் ஏறிக்கிட்டிருந்துச்சு.

அடுத்த நாள் உட்டாங்க. ரிக்கை ஸ்டார்ட் பண்ணுனேன். ராடு அசையல. காத்தை வெச்சு அடிச்சேன், ஜாக்கி வெச்சுத் தூக்குனேன், சுத்திச் சுத்திப் பாத்தேன். கடேசில ராடு அத்துக்கிச்சு. ஹேமர், பிட்டு, பாதி ராடு எல்லாம் அடியில போச்சு. போர் செத்துப்போச்சுங்க. அத்தனை பேரு சுத்தி நின்னு பாத்துக்கிட்டிருந்தாங்க. ரிபுரேயம்மா மட்டும் பக்கத்துல வந்து, குழிக்குள்ள எட்டிப் பாத்துச்சு. அதுல என்ன தெரியும்? ஆனாலும் ரொம்ப நேரம் பாத்துச்சு.

அப்பத்தாங்க கவெட்டோ அந்த வார்த்தையைச் சொன்னாரு. எல்லாரு முன்னாலயும் சொன்னாரு. “நீ மறைச்சே. உங்கப்பன் செத்த அன்னைக்கே சொல்லியிருந்தா, அன்னைக்கே நிறுத்தியிருப்போம். உங்கப்பனுக்கும் அழுதிருப்போம், தண்ணியும் வந்திருக்கும்.” எப்படி இருக்குது பாருங்க! நான் மறைச்சது அவங்களுக்காக. அவங்க நிறுத்துனது எனக்காக. கடேசில கெட்டது நானா? எனக்கு ரோசம் வந்துருச்சு. நீங்க கம்ப்ரசரை நிறுத்தாம இருந்தா தண்ணி வந்திருக்கும்னு நானும் சொன்னேன். அவரு கோவப்படல. என்னையப் பாத்து, சிராசோகிட்ட என்னமோ சொன்னாரு. என்னடான்னு கேட்டேன். “இவன் இன்னும் அழலங்கறாரு”ன்னான்.

மாட்டையெல்லாம் ஓட்டிக்கிட்டு, மச்சான் முறையில ஆரோ ஒருத்தரு பட்டிக்குப் போனாங்க, ரொம்பத் தூரம். வழியில எத்தனை விழுந்துச்சோ, நான் கேட்டுக்கல. அந்தம்மா போறப்ப என்ற தலையில கையை வெச்சுட்டுத்தான் போச்சு. திட்டிட்டாவது போயிருக்கலாம். முதலாளி என்னைய ஃபோன்லயே கிழிச்சு எடுத்தாரு, அடுத்த பிளேன்ல ஏத்தி உட்டுட்டாரு. பின்னால வேற ரிக்கு போயி, வேற எடத்துல போட்டாங்களாம். தண்ணி உப்பாம். மாடு குடிக்குதுன்னு சிராசோ சொன்னான். குடிச்சாச் சரி.

நான் ஊரு வந்து சேந்தப்பக் கருமாதி முடிஞ்சிருந்துச்சு. தம்பி மொட்டை போட்டு மசுரு லேசா மொளைச்சிருந்துச்சு. ஒறம்பரை சனமெல்லாம் போயிட்டாங்க. வந்தவங்களும், வந்துட்டியா, எப்ப மறுக்காப் போறேன்னுதான் கேட்டாங்க. அழுது முடிச்ச வீடுங்க அது. அய்யன் போட்டோவுக்கு மாலை போட்டு, சின்னதா ஒரு சிவப்பு பல்பு போட்டு உட்டிருந்தாங்க. கும்புட்டேன். பல்புக்கு ஒயரு தொங்கிக்கிட்டிருந்துச்சு, இழுத்துக் கட்டி உட்டேன்.

பொழுதோட அம்மா பக்கத்துல வந்து உக்காந்துச்சு. அதுக்கு அழுதழுது கண்ணு வீங்கிப்போயிருந்துச்சு. என்ற கையைப் புடிச்சுக்கிட்டு, “ஏஞ் சாமி, பாஷை தெரியாத ஊர்ல ஒத்தையில கெடந்து எப்படித் தாங்குனே? அங்க ஆராச்சும் உனக்குன்னு அழுதாங்களா?”ன்னு கேட்டுச்சு.

இல்லீங்கம்மான்னேன்.

அந்தச் சொல்லுக்கு அம்மா மறுக்கா ஒரு பாட்டம் அழுதுச்சுங்க. எம் மகனுக்கு அழ ஒரு நாதி இல்லாமப் போச்சேன்னு அழுதுச்சு. நான் பக்கத்துல உக்காந்து பாத்துக்கிட்டிருந்தேன்.

எறங்குங்க, எறங்குங்க, பள்ளிபாளையம் வந்துருச்சு. பையை மறந்துராதீங்க. என்னங்க? இல்லைன்னு ஏன் சொன்னேனா? ஆமாங்கம்மான்னு சொல்லியிருந்தா, அடுத்தாப்ல ‘நீ அழுதியா சாமி’ன்னு கேட்டிருக்குமில்லீங்களா.